தாள் புதைந்த மண்ணில் தண்ணீர்

நிலத்தில் விழுந்த நீர் கீழ்நோக்கியே போகும் என்பதும், இடைவெளி பெரிதாக உள்ள மண்ணில் விரைவாகவும் இடைவெளி சிறிதாக உள்ள மண்ணில் மெதுவாகவும் போகும் என்பதும், யாரும் கேள்வி எழுப்பாமல் ஒப்புக்கொள்ளக்கூடிய இரண்டு எண்ணங்கள். ஆற்று மணலில் ஊற்றிய ஒரு குடம் நீர் கண் இமைப்பதற்குள் மறைந்துபோவதையும், களிமண் தரையில் ஊற்றியது நெடுநேரம் குட்டமாய்த் தேங்கி நிற்பதையும் பிரத்தியட்சமாகக் கண்டவர்கள் வேறு விதமாக எண்ணுவதற்கு நியாயமும் இல்லை. ஆயினும், உழுத வயலின் மண்ணுக்குள்ளே, அதிலும் முந்தைய போகத்தின் தாளும் வைக்கோலும் சருகும் புதைந்து கிடக்கும் மண்ணுக்குள்ளே, தண்ணீர் நடந்துகொள்ளும் விதத்தை இந்த இரண்டு எண்ணங்களை மட்டும் துணைக்கொண்டு விளக்கப் புகுந்தால், எதிர்பார்த்ததற்கு நேர்மாறானதையே பல சமயங்களில் காண நேரிடும். பெரிய இடைவெளி நீருக்குத் திறந்த வாசலாக இருப்பதற்குப் பதிலாக அடைத்த கதவாக இருப்பதை இந்த அத்தியாயத்தில் நாம் காணப்போகிறோம்.

நீரால் நிரம்பிய மண்ணில் ஓட்டம் எவ்விதம் நடைபெறுகிறது என்பதை முதன்முதலில் அளந்து சொன்னவர் பிரான்ஸ் தேசத்து எஞ்சினீயரான ஹென்றி டார்சி. டிஷோன் நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்த பெருமைக்குரிய அவர், மணல் நிரப்பிய நெடிய உருளை ஒன்றின் வழியே நீரைச் செலுத்திச் சோதித்து, மேலும் கீழுமுள்ள நீர்மட்ட வேறுபாடு அதிகரிக்க அதிகரிக்க ஓட்டமும் அதே விகிதத்தில் அதிகரிக்கிறதென்றும், நீர் கடக்கவேண்டிய மணலின் நீளம் கூடக்கூட ஓட்டம் அதே விகிதத்தில் குறைகிறதென்றும் 1856-ஆம் ஆண்டில் வெளியிட்டார். கிணற்று ஊற்றையும் அணைக்கட்டின் கசிவையும் பற்றிய கணக்குகளுக்கெல்லாம் இன்றளவும் ஆதாரமாக விளங்குவது அந்த விதியே. ஆனால் டார்சியின் உருளையில் காற்றுக்கு இடமே இல்லை. மணல்மணிகளுக்கு நடுவே இருந்த ஒவ்வொரு துளையும் நீரால் நிறைந்திருந்தது. விவசாயியின் மண்ணோ, மழை கொட்டும் சில மணி நேரமும் பாய்ச்சல் பாயும் சில மணி நேரமும் நீங்கலாக, நீரும் காற்றும் இடத்தைப் பங்கிட்டுக்கொண்டிருக்கும் மண்.

அந்த மண்ணைப் பற்றிய சித்தாந்தத்துக்கு அடிகோலியவர், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் விவசாய இலாகாவைச் சேர்ந்த மண் ஆராய்ச்சி நிலையத்தில் சில ஆண்டுகளே பணியாற்றிய எட்கர் பக்கிங்ஹாம் என்ற பௌதிக விஞ்ஞானி. வெப்பம் உஷ்ணநிலை வேறுபாட்டாலும் மின்சாரம் அழுத்த வேறுபாட்டாலும் செலுத்தப்படுவதைப் போல, மண்ணின் ஈரமும் ஒரு வேறுபாட்டால்தான் செலுத்தப்படுகிறது என்றும், அந்த வேறுபாடு மண் தன் ஈரத்தை எவ்வளவு வலிமையோடு பற்றி நிற்கிறது என்பதில் உள்ள வேறுபாடே என்றும் அவர் 1907-இல் எழுதினார். ஈரம் மிகுந்த இடத்திலிருந்து ஈரம் குறைந்த இடத்துக்கு நீர் போகிறது என்று சொல்வதற்கும் இதற்கும் பெரிய பேதம் உண்டு. ஒரே அளவு ஈரத்தைக் கொண்டிருந்தும், களிமண் அதனை இறுகப் பற்றியிருக்க, மணல் அதனைத் தளரப் பிடித்திருக்கலாம். அவ்விரண்டும் ஒன்றையொன்று தொடும்போது நீர் மணலிலிருந்து களிமண்ணுக்குத்தான் போகும். 1931-இல் லொரென்ஸோ ரிச்சர்ட்ஸ் என்பவர் டார்சியின் விதியையும் பக்கிங்ஹாமின் கருத்தையும் இணைத்து ஒரு சமன்பாட்டை வகுத்தார். மண்ணில் நீரின் நடமாட்டத்தைக் கணக்கிடுகிறவர்கள் இன்றும் அதையே கையாளுகிறார்கள்.

இந்தப் பற்று எங்கிருந்து வருகிறது? விளக்கின் திரியில் எண்ணெய் மேலேறுவதற்கு எது காரணமோ, அதுவே மண்ணின் நுண்ணிய புழைகளில் நீர் தங்கி நிற்பதற்கும் காரணம். நீர் தன்னைச் சூழ்ந்த பரப்பில் ஒட்டிக்கொள்ளும் இயல்பும், தன் துளிகளைத் தானே இழுத்துச் சேர்த்துக்கொள்ளும் இயல்பும் உடையதாகையால், புழை எவ்வளவு குறுகலாக இருக்கிறதோ அவ்வளவு வலிமையாக அதில் பிடிபட்டு நிற்கிறது. ஒரு மில்லிமீட்டர் குறுக்களவுள்ள சுத்தமான கண்ணாடிக் குழாயை நீரில் நிறுத்தினால் நீர் அதில் 3 சென்டிமீட்டர் உயரம் ஏறும்; குறுக்களவு பத்தில் ஒரு மில்லிமீட்டரானால் 30 சென்டிமீட்டர் ஏறும்; நூறில் ஒரு மில்லிமீட்டரானால் 3 மீட்டர் ஏறும். மணல்மணிகளின் பருமன் 2 மில்லிமீட்டர் வரையில் போக, களிமண்ணின் துகள்கள் 0.002 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருப்பதால், இவற்றின் நடுவே அமையும் புழைகளின் அளவிலும் ஆயிரம் மடங்கு பேதம் இருப்பதில் வியப்பில்லை. உலர்ந்த நல்ல வயல்மண் தன்மேல் விழும் நீரைக் கீழ்நோக்கி மட்டுமல்லாமல் பக்கவாட்டிலும், ஓரளவு மேல்நோக்கியும் இழுத்துக்கொள்வதை, சாலில் பாய்ச்சிய நீர் வரப்பின் தோள்வரையில் ஈரமாக ஏறி நிற்பதில் எவரும் பார்க்கலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரே தன்மையான மண்ணுக்கு. மண்ணுக்குள்ளே வேறு தன்மையுள்ள ஓர் அடுக்கு குறுக்கிட்டால் என்ன நடக்கும் என்பதை உலகத்தின் கண்களுக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தவர் வால்டர் கார்ட்னர். வடமேற்கு அமெரிக்காவில், வாஷிங்டன் மாகாணத்தின் கிழக்குக் கோடியில் பலூஸ் என்னும் பிரதேசம் இருக்கிறது. காற்று அள்ளிக்கொண்டு வந்து குவித்த மெல்லிய வண்டல் மண், அலை அலையாய் எழுந்து தாழும் குன்றுகளாக அமைந்து, பெரும்பாலும் குளிர்காலத்தில் பெய்யும் மழையையும் பனியையும் நம்பிக் கோதுமை விளைவிக்கும் நாடு அது. கோடையில் மழை அரிதாகையால், குளிர்காலத்து நீரை மண் எவ்வளவு உட்கொள்கிறதோ அவ்வளவே விளைச்சல். உட்கொள்ளாத நீரோ சரிவுகளில் ஓடி மண்ணையும் அரித்துக்கொண்டு போய்விடும். அப்பிரதேசத்தின் நடுவில், புல்மன் என்ற ஊரிலுள்ள மாகாணப் பல்கலைக்கழகத்தில் மண் பௌதிகம் கற்பித்துவந்த கார்ட்னர், 1950-களின் இறுதியில் தம் சகா ஒருவருடன் சேர்ந்து, மண்ணில் நீர் பரவுவதைச் சலனப்படமாக எடுத்தார். நேரில் பார்த்தால் பல மணி நேரம் ஆகக்கூடிய நிகழ்ச்சியைச் சில நிமிஷங்களில் ஓடும்படி, விட்டு விட்டுப் பிடித்த படம் அது.

அந்தச் சோதனைக்கு வேண்டிய கருவி மிகவும் எளியது. நெருக்கமாக நிறுத்திய இரண்டு தட்டையான பலகங்களுக்கு நடுவே உலர்ந்த மண்ணை நிரப்பி, மேலே ஒரு சிறு பள்ளத்தில் நீரை விட்டுக்கொண்டிருப்பார்கள். நனைந்த மண் கருமையாகவும் நனையாத மண் வெளிறியும் தெரிவதால், ஈரத்தின் எல்லை ஒரு கோடாகக் கண்ணுக்குப் புலப்படும். ஒரே தன்மையான மண்ணில் அந்தக் கோடு கிட்டத்தட்ட அரைவட்டமாக விரிகிறது. கீழே போகும் தூரத்துக்கும் பக்கத்தில் போகும் தூரத்துக்கும் ஆரம்பத்தில் அதிக வித்தியாசம் இல்லை. அடுத்த சோதனையில், மண்ணின் நடுவே பருமணல் அடுக்கு ஒன்றை வைத்தார்கள். ஈரக்கோடு மணலின் விளிம்பை வந்து தொட்டது, தொட்டவுடன் நின்றது. அருகில் இருப்பது பரந்த திறந்த இடைவெளிகள் கொண்ட மணல். ஆனால் ஒரு சொட்டு நீரும் அதில் இறங்கவில்லை. மணலின் மேல்விளிம்பை ஒட்டிக்கொண்டே ஈரம் இடமும் வலமும் படர்ந்தது. மேலுள்ள மண் மேலும் மேலும் ஈரம் ஏறி, நீர் நிரம்பும் நிலையை நெருங்கியது. அதன் பிறகே ஏதோ ஓரிடத்தில் நீர் மணலைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கியது. மணலுக்குப் பதிலாக நறுக்கிய வைக்கோலை ஓர் அடுக்காகப் பரப்பியபோதும் இதுவே நடந்தது. மண் கட்டிகளைப் பெரிதாக உடைத்து ஓர் அடுக்காகப் போட்டபோதும் இதுவே நடந்தது.

காரணத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால் வியப்பு அகன்றுவிடும். நனைந்துகொண்டு வரும் வண்டல் மண், தன் நீரை ஒரு மீட்டர் உயரமுள்ள நீர்க்கம்பத்தைத் தாங்கி நிற்கக்கூடிய வலிமையோடு பற்றியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வைக்கோல் துண்டுகளின் நடுவேயுள்ள இடைவெளி 3 மில்லிமீட்டர் அகலம் என்றால், அது ஒரு சென்டிமீட்டர் அளவுக்கே நீரைப் பிடித்து நிற்க வல்லது. நூறு பங்கு வலிமையோடு பற்றியிருக்கும் மண்ணிடமிருந்து, ஒரு பங்கு வலிமையுள்ள இடைவெளி நீரைப் பறித்துக்கொள்வது எவ்வாறு? மண்ணின் பிடி தளர்ந்து, அதாவது மண் ஏறக்குறைய முழுவதும் நிரம்பி, இனிமேல் தாங்காது என்ற நிலை வரும்போதுதான் நீர் அந்த இடைவெளிக்குள் சிந்த முடியும். வைக்கோல் தானும் ஓரளவு நீரைக் குடிக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒரு துண்டு மற்றொரு துண்டை ஓரிரு புள்ளிகளில் மட்டுமே தொட்டுக்கொண்டிருப்பதால், ஒன்று குடித்தது மற்றொன்றுக்குப் போய்ச் சேருவதற்குப் பாதை இல்லை. பூமியின் ஈர்ப்பு எப்போதும் இருக்கிறது. ஆனால் உலர்ந்த மண்ணின் பற்றுக்கு முன்னால் அது பலவீனமான சக்தி.

இதே விதி எதிர்ப்பக்கமாகவும் வேலை செய்கிறது என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. கீழேயுள்ள அடுக்கு மேலுள்ளதைவிட நுண்மையாக இருந்தால், நீர் அதைத் தொட்டவுடன் ஆவலோடு உள்ளே இழுக்கப்படும். ஆனால் நுண்ணிய புழைகளின் வழியே ஓட்டம் மிகவும் மந்தமாகையால், பின்னால் வரும் நீர் தேங்கிவிடும். ஆண்டுதோறும் ஒரே ஆழத்தில் உழுது வருவதாலும், டிராக்டர் சக்கரத்தின் பாரத்தாலும், கொழுவின் அடியில் இறுகிப்போகும் மண் செய்யும் தீங்கு இதுதான். பருமையான அடுக்கோ நுண்மையான அடுக்கோ, திடீரென்று மாறும் எல்லை எதுவானாலும் நீரின் பயணம் அங்கே தடைப்படுகிறது. பூந்தொட்டியின் அடியில் கூழாங்கல் பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்று எண்ணிப் பலரும் செய்துவருவது, இந்தக் கண்கொண்டு பார்த்தால், வேருக்கு அருகில் நீரைத் தேக்கி வைக்கும் காரியமே ஆகும். அமெரிக்கக் கோல்ப் சங்கம் 1960-இல் தன் புல்வெளிகளுக்கு வகுத்த அமைப்பில், மணல் கலந்த மேல்மண்ணுக்கு அடியில் சரளைக்கல் பரப்பச் சொன்னதற்கு ஒரு காரணம், மேலுள்ள மெல்லிய மண் தன் ஈரத்தை இழந்துவிடாமல் நிறுத்தி வைக்கவேண்டும் என்பதுதான். அறிந்து செய்தால் உபகாரமாவதே அறியாமல் செய்தால் அபகாரமாகிறது.

இனி உழவுக்கு வருவோம். வைக்கோல் மண்ணுக்குள்ளே ஓர் அடுக்காக அமைவது எவ்விதம்? மண்ணை வெட்டி எடுத்துத் தலைகீழாகப் புரட்டிப்போடும் இரும்புக் கலப்பையால்தான். வடஅமெரிக்காவின் புல்வெளிப் பிரதேசத்து ஒட்டும் கருமண்ணை உழுவதற்கென்று ஜான் டியர் 1837-இல் எஃகுக் கலப்பையைச் செய்து கொடுத்த பிறகு, அந்தக் கண்டம் முழுவதிலும் மேல்மண்ணைப் புரட்டுவதே உழவு என்றாகிவிட்டது. அறுவடைக்குப் பின் நின்ற தாளெல்லாம், புரண்டு விழும் மண்கட்டியின் அடியில் சிக்கி, சாலின் அடிவாரத்தில் ஒரு சாண் ஆழத்தில் அமுங்கிப் படுத்துவிடும். வயல் வெளிப்பார்வைக்குத் துப்புரவாகத் தோன்றும். அந்தத் துப்புரவுக்காகவே உழவர்கள் அதனைப் போற்றினார்கள்.

அதனை வெளிப்படையாக எதிர்த்தவர்களில் முக்கியமானவர், ஒஹையோ மாகாணத்தில் விவசாய ஆலோசகராக இருந்த எட்வர்ட் பாக்னர். ஐக்கிய நாடுகளின் சமவெளிகளில் 1930-களில் வறட்சி நீடித்து, உழுது பொடியாக்கிய மண் காற்றில் கிளம்பி நகரங்களை இருளாக்கி, 1935 ஏப்ரல் 14-ஆம் தேதி ‘கறுப்பு ஞாயிறு’ என்றே பெயர் பெற்றுவிட்ட பிறகு, உழவைப் பற்றிய பழைய நம்பிக்கைகளை மறுபரிசீலனை செய்யும் மனப்பான்மை அந்நாட்டில் பரவியிருந்தது. 1943-இல் பாக்னர் வெளியிட்ட ‘உழவனின் மடமை’ என்ற நூல், புரட்டிப்போடும் கலப்பையே குற்றவாளி என்று துணிந்து கூறியது. புதைந்த தாள் அடுக்கு, அடிமண்ணிலிருந்து ஈரம் மேலேறும் நுண்புழைத் தொடர்பை அறுத்துவிடுகிறது என்பது அவருடைய வாதங்களில் ஒன்று. கல்வித்துறையினர் பலர் அவரைக் கடுமையாகக் கண்டித்தனர். அவர் சொன்னவற்றில் மிகைகள் இருந்தன என்பதும் உண்மையே. ஆழத்திலிருந்து ஈரம் ஏறி வந்து பயிரை வளர்ப்பது, நிலத்தடி நீர் மட்டம் அருகில் இல்லாத வயல்களில், அவர் நினைத்த அளவுக்கு நடைபெறுவதில்லை. எனினும் அந்த அடுக்கு ஒரு தடை என்று அவர் கண்டது சரியே. அதன் பெரிய தீங்கு ஏறிவரும் நீரைத் தடுப்பதில் அல்ல, இறங்கிவரும் மழையைத் தடுப்பதில் இருக்கிறது என்பதைக் கார்ட்னரின் படம் காட்டிற்று. கலப்பையின் பின்னால் நடந்து கண்ட ஒருவரின் கவனிப்பை, அவர் சொன்ன காரணம் குறையுடையது என்பதற்காகத் தள்ளிவிடலாகாது என்பது என் அபிப்பிராயம்.

தடைப்பட்ட நீரோடு வேறு இரண்டு தொல்லைகளும் சேர்ந்துகொள்கின்றன. அடுக்குக்கு மேலே மண் நிரம்பி நிற்கும் நாட்களில் காற்று உட்புக வழியில்லாமல் போகவே, தாள் மக்குவதற்குப் பதிலாக அழுகி நாற்றமெடுக்கிறது. அடுத்த ஆண்டு உழும்போது அதே தாள் உருமாறாமல் மேலே வருவதும் உண்டு. கோதுமை வைக்கோலில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு ஏறத்தாழ 80 பங்கு கார்பன் இருப்பதால், அதனைத் தின்னும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய நைட்ரஜனைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கின்றன; ஓரிடத்தில் குவிந்து கிடக்கும் வைக்கோலைச் சுற்றிப் பயிர் வெளிறி நிற்பதற்கு இதுவே காரணம்.

அப்படியானால் தாளை என்ன செய்வது? கொளுத்துவதா? அது பரிகாரமாகாது. கேள்வி தாள் இருக்கலாமா கூடாதா என்பதன்று. எந்த இடத்தில், எந்த உருவத்தில் இருக்கிறது என்பதே. துண்டு துண்டாக வெட்டப்பட்டு மேல்மண் முழுவதிலும் கலந்து விட்டால், வைக்கோல் ஓர் எல்லையாக அமைவதில்லை. மண் துகள்கள் அதனை எல்லாப் பக்கங்களிலும் தொட்டுக்கொண்டு, நீரின் பாதை அறுபடாமல் தொடர்கிறது. மக்கும்போது தோன்றும் பசைப்பொருள்கள் மண்மணிகளை ஒட்டிக் குருணைகளாக்குகின்றன. குருணைகளுக்குள்ளே நீரைப் பிடித்து நிற்கும் நுண்புழைகளும், குருணைகளுக்கு நடுவே மழைநேரத்தில் நீரை இறக்கிவிடும் பெரும்புழைகளும் சேர்ந்து அமைவதைவிட நல்ல ஏற்பாடு வயலுக்கு வேறில்லை.

மண்ணின் மேலேயே தாளை விட்டுவிடுவது மற்றொரு வழி. நெப்ராஸ்கா மாகாணத்து லிங்கன் நகரில் டியூலி என்ற ஆராய்ச்சியாளர் 1930-களின் இறுதியில் செய்த சோதனைகள் இதில் குறிப்பிடத்தக்கவை. வைக்கோல் போர்த்திய நிலத்தில் செயற்கை மழையைப் பொழிவித்தபோது நீர் இடைவிடாமல் இறங்கிக்கொண்டிருந்தது; போர்வையை அகற்றியவுடன் சிறிது நேரத்திற்குள் இறக்கம் வெகுவாகக் குறைந்துவிட்டது. வைக்கோலுக்குப் பதிலாகச் சாக்குத்துணியை விரித்தாலும் பலன் அதேதான். ஆகவே வைக்கோலின் வேதியியல் குணம் எதுவும் இங்கே வேலை செய்யவில்லை. 5 மில்லிமீட்டர் பருமனுள்ள மழைத்துளி ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் வேகத்தில் வந்து மோதுவதைத் தாங்கிக்கொண்டதே அது செய்த உதவி. அந்த மோதலால் மண்குருணைகள் சிதறி, மெல்லிய துகள்கள் மேற்பரப்பின் துளைகளை அடைத்து, மிக மெல்லிய மேலோடு ஒன்று உண்டாகிவிட்டால், கீழே எவ்வளவு நல்ல மண் இருந்தும் பயனில்லை. எல்லா நன்மையும் இந்த முறைக்கே என்று சொல்லிவிட முடியாது. குளிர்நாடுகளில் தாள் மூடிய மண் வசந்தத்தில் சூடேறத் தாமதமாகிறது. களையும், தாளில் தங்கும் பூச்சியும் நோயும் உழவரின் கவலையை வளர்க்கின்றன.

உழாத நிலத்திலும் குறைவாக உழுத நிலத்திலும் வேறோர் உதவியாளர் உண்டு. சருகை வளைக்குள் இழுத்துக்கொண்டு போகும் மண்புழுவின் பழக்கத்தை டார்வின் தம் இறுதி நூலில், 1881-இல், விஸ்தாரமாக வர்ணித்திருக்கிறார். அதற்கு அடுத்த ஆண்டிலேயே இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சிப் பண்ணையைச் சேர்ந்த லாஸ், கில்பர்ட், வாரிங்டன் மூவரும், 20, 40, 60 அங்குல ஆழத்துக்குக் கலைக்காமல் நிறுத்திய மண்ணின் அடியில் நீரைச் சேகரித்துவந்த தம் அனுபவத்தைக் கொண்டு, மழைநீரில் ஒரு பகுதி மண்ணை நனைக்காமலே திறந்த வழிகளின் மூலம் நேராகக் கீழே போய்விடுகிறது என்று எழுதினார்கள். குழாயின் ஆரம் இரண்டு மடங்கானால் அதில் ஓடக்கூடிய நீர் 16 மடங்காகிறது என்ற பாய்ஸேயின் விதியை நினைத்துப் பார்த்தால், புழு வளை ஒன்று ஆயிரக்கணக்கான நுண்புழைகளுக்குச் சமமாவது விளங்கும்.

பெரிய இடைவெளி நீரை உள்ளே விடாது என்று முன்னே சொன்னதற்கு இது முரண் அல்லவா என்று வாசகர் கேட்கலாம், கேட்கவேண்டிய கேள்விதான். விடை, வளையின் வாய் எங்கே இருக்கிறது என்பதில் அடங்கியிருக்கிறது. மேற்பரப்பில் வாய் திறந்திருந்து, அங்கே மழைநீர் தேங்கி நின்றால், அது மண்ணின் பிடியில் இல்லாத நீர். அதனைத் தடுப்பார் இல்லை. வாய் மண்ணுக்குள்ளே மூடிக் கிடந்தால், அந்த வளையும் வெறும் காற்றறையே. கார்ட்னர் இதனையும் படத்தில் காட்டினார். செங்குத்தான பிளவில் வைக்கோலை நிரப்பி, அதன் தலை நீருக்குள் திறந்திருக்கும்படி வைத்தபோது நீர் அதன் வழியே விரைந்து இறங்கியது. அதே வைக்கோலின் தலையை மண்ணால் மூடியபோது ஈரம் அதனைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போயிற்று. நம் கோவில்பட்டிச் சீமையின் கரிசலில் கோடைவெடிப்புகள் முதல் மழையை ஆழத்துக்குக் கொண்டுபோவதும், மண் உப்பி வெடிப்பின் வாய் மூடிய பிறகு அதே நிலம் நீரை ஏற்க மறுப்பதும் இந்த விதியின்படியே.

நம்முடைய நாட்டுக் கலப்பை மண்ணைப் புரட்டுவதில்லை. கீறிக்கொண்டு போய் இரு பக்கமும் ஒதுக்குகிறது. தாளில் பாதி மேலே நிற்கும், பாதி மண்ணோடு கலக்கும். வயல் துப்புரவாக இல்லையென்று அதனைக் குறை சொன்னவர்கள் உண்டு. தாளை அடுக்காகப் புதைக்கும் தீங்கை மட்டும் அது செய்ததில்லை. இன்று மானாவாரி நிலங்களிலும் தோட்டக்கால்களிலும் சட்டிக் கலப்பையும் சுழல் கலப்பையும் வந்திருக்கும் காலத்தில், சோளத் தட்டையும் மக்காச்சோளத் தட்டையும் எந்த ஆழத்தில் போய் உட்காருகின்றன என்பதைக் கவனிக்கும் பொறுப்பு உழவரையே சேர்ந்திருக்கிறது. நீர் நிறுத்திச் சேறாக்கி நடும் நெல்வயலின் கதை வேறு; அங்கே மண் நிரம்பியே இருப்பதால் இந்த அத்தியாயத்தின் கணக்கு அதற்குப் பொருந்தாது.

ஆகவே வாசகர்களில் நிலமுள்ளவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உழுத புன்செயில் நல்ல மழை பெய்த மறுநாள், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய், ஒரு முழ ஆழத்துக்குச் செங்குத்தாக ஒரு குழி வெட்டி, அதன் பக்கச்சுவரை மேலிருந்து கீழாக விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் எங்கே முடிகிறது, முடியும் இடத்தில் தாள் படுத்திருக்கிறதா, அங்கே அழுகல் நாற்றம் அடிக்கிறதா, முன்பயிரின் வேர் அதற்கு மேலேயே பக்கவாட்டில் திரும்பியிருக்கிறதா என்று கவனியுங்கள். தாள் ஓர் அடுக்காகப் படுத்திருந்து, அதற்கு மேலே சொதசொதவென்றும் கீழே உலர்ந்தும் மண் இருக்கக் கண்டால், அடுத்த உழவில் தட்டையைத் துண்டாக்கி மேல்மண்ணோடு கலந்துவிடுங்கள், அல்லது மண்ணின் மேலேயே விட்டுவிடுங்கள்.